பிள்ளைகளைப் பார்க்க அமீரகம் போகும் குமரி மாவட்டப் பெற்றோருக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துபாய், ஷார்ஜா, அபுதாபியில் வேலை பார்க்கும் மகனையோ மகளையோ பார்த்து ஒரு மாதம் தங்கிவிட்டு வரப் போகும் அப்பா அம்மாவுக்காக எழுதியது இது. முதல்முறை விமானம் ஏறுகிறவர்களை மனதில் வைத்தே எழுதியிருக்கிறோம். சரிபார்க்காமல் விட்ட ஒரு பெயர், தவறாக எண்ணிய ஒரு தேதி, பெட்டியில் வைத்த ஒரு பொட்டலம்: பயணத்தைக் கெடுப்பவை பெரும்பாலும் இவைதான். அதனால் வீட்டிலிருந்து கிளம்பும் முன் செய்ய வேண்டியவற்றுக்கே இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம். விசா விதிகள் அடிக்கடி மாறும். விண்ணப்பிக்கும் வாரத்தில் அமீரக அரசின் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பாஸ்போர்ட் முடிய இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. போதாதா?

போதாது. அமீரகத்தில் இறங்கும் நாளிலிருந்து குறைந்தது 6 மாதம் செல்லுபடி இருக்க வேண்டும். ஒரு வாரம் குறைந்தாலும் திருவனந்தபுரத்தில் செக்-இன் கவுண்டரிலேயே நிறுத்திவிடுவார்கள். நம் மாவட்டம் மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது. திருநெல்வேலியில் பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கிறது. 36 பக்கப் புத்தகத்துக்குக் கட்டணம் 1,500 ரூபாய், தட்கல் என்றால் மேற்கொண்டு 2,000 ரூபாய். போலீஸ் விசாரணைக்கு வரும்போது வீட்டில் ஆள் இல்லையென்றால் விண்ணப்பம் அப்படியே கிடக்கும். மகன் டிக்கெட் போடும் முன்பே இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

அம்மாவின் பாஸ்போர்ட்டில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது. விசா கிடைக்குமா?

நம் ஊர்க்காரர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். நமக்கு இனிஷியல்தான் பழக்கம், குடும்பப் பெயர் கிடையாது. பழைய பாஸ்போர்ட்டுகளில் ‘தங்கம்மாள்’ என்று பெயர் இருக்கும், குடும்பப் பெயருக்கான கட்டம் காலியாக இருக்கும். இப்படி ஒற்றைப் பெயர் உள்ளவர்களை விசிட் விசாவில் அனுமதிப்பதில்லை என்று 2022 நவம்பரில் அமீரகம் அறிவித்தது. பிறகு, பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ அச்சாகியிருந்தால் ஏற்றுக்கொள்ளலாம் என்று தளர்த்தினார்கள்.

ஆகவே முதலில் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அங்கே அப்பா பெயர் இருந்தால் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது அந்தப் பக்கத்தையும் சேர்த்து அனுப்புங்கள். ஆனாலும் நாங்கள் சொல்வது, நேரம் இருந்தால் பாஸ்போர்ட்டையே திருத்திவிடுங்கள். தளர்வை நம்பிப் போனால் விசாவுக்கு விண்ணப்பிக்கும் இடம், விமானக் கம்பெனிக் கவுண்டர், அங்குள்ள இமிகிரேஷன் என்று மூன்று இடத்தில் விளக்கம் சொல்ல வேண்டிவரும். 65 வயது அம்மாவுக்கு அந்த அலைச்சல் வேண்டாம். ரீ-இஷ்யூ விண்ணப்பத்தில், குடும்பப் பெயர் கட்டத்தில் அப்பா பெயரையோ கணவர் பெயரையோ முழுதாக எழுதிக் கேட்கலாம். ஆதாரிலும் அதே எழுத்துக்கூட்டல் இருந்தால் வேலை சுலபம். ஆதாரில் ஒரு விதம், வாக்காளர் அட்டையில் ஒரு விதம் என்றால் முதலில் ஆதாரைச் சரிசெய்துவிட்டுப் பாஸ்போர்ட்டுக்குப் போங்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். மகனுடைய பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அம்மா பெயர் ‘மேரி’ என்றும், அம்மாவின் பாஸ்போர்ட்டில் ‘மரியம்மாள்’ என்றும் இருந்தால் உறவை நிரூபிக்கத் தனியாக ஆவணம் கேட்பார்கள். ஞானஸ்நானப் பெயர் ஒன்றும் கூப்பிடும் பெயர் ஒன்றுமாக உள்ள குடும்பங்களில் இது சாதாரணமாக நடப்பதுதான்.

அப்பா பத்தாம் வகுப்பு முடிக்கவில்லை. பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். என்று இருக்கிறது. போக முடியுமா?

விசிட் விசாவில் தாராளமாகப் போகலாம். ஈ.சி.ஆர். (எமிகிரேஷன் செக் ரெக்வயர்டு) என்பது, குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போவதென்றால் அரசின் அனுமதி வாங்க வேண்டும் என்ற குறிப்பு. சுற்றிப்பார்க்கவோ உறவினரைப் பார்க்கவோ போகிறவர்களுக்கு அந்த அனுமதி தேவையில்லை. திரும்பி வரும் டிக்கெட்டைக் கையில் அச்சடித்து வைத்திருங்கள்.

விசாவை யார் எடுப்பது? மகனா, டிராவல்ஸ்காரரா?

இரண்டு வழியும் உண்டு. மகன் அங்கே குடியிருப்பு விசாவில் இருந்தால் அவரே உறவினருக்கு விண்ணப்பிக்கலாம். உறவின் நெருக்கத்தைப் பொறுத்து அவருக்கு இவ்வளவு சம்பளம் இருக்க வேண்டும் என்ற வரம்பு உண்டு. பெற்றோருக்கு வரம்பு குறைவு, சித்தி மாமா முறைக்கு அதிகம். இன்னொரு வழி, டிராவல்ஸ் மூலமாகவோ விமானக் கம்பெனி மூலமாகவோ சுற்றுலா விசா எடுப்பது. அது 30 நாள், 60 நாள் என்று இரண்டு அளவில் கிடைக்கும்.

தேவைப்படுபவை: பாஸ்போர்ட்டின் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும், முன் அட்டையின் படம், வெள்ளைப் பின்னணியில் எடுத்த கலர் போட்டோ, போக வர டிக்கெட், தங்குமிடச் சான்று. தங்குமிடம் மகன் வீடுதான் என்றால், அவருடைய எமிரேட்ஸ் ஐ.டி. (அமீரக அடையாள அட்டை) நகலும் வாடகை ஒப்பந்தமும் வேண்டும். துபாயில் அந்த ஒப்பந்தம் ‘இஜாரி’ என்ற அரசுப் பதிவில் ஏறியிருக்க வேண்டும். மகன் நண்பர்களோடு பெட்-ஸ்பேஸில் (பலர் தங்கும் அறையில் ஒரு கட்டில் மட்டும் வாடகைக்கு எடுத்து) இருந்தால் அவர் பெயரில் ஒப்பந்தமே இருக்காது. அப்படியானால் ஹோட்டல் அறை போட்டுத்தான் காட்ட வேண்டும்.

பாஸ்போர்ட் பக்கத்தை போனில் படம் எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பாதீர்கள். பிளாஷ் வெளிச்சம் பட்டு எண் மறையும், கீழே உள்ள இரண்டு வரி இயந்திர எழுத்து வெட்டுப்படும், விண்ணப்பம் திரும்பி வரும். பக்கத்து ஜெராக்ஸ் கடையில் நான்கு மூலையும் தெரிய கலர் ஸ்கேன் எடுத்து மின்னஞ்சலில் அனுப்புங்கள்.

வந்த விசா உண்மையானதா என்று எப்படிப் பார்ப்பது?

விசா தாளில் ஒரு கோப்பு எண் இருக்கும். அதன் முதல் மூன்று இலக்கம் எந்த எமிரேட் கொடுத்தது என்று சொல்லிவிடும்: 101 அபுதாபி, 201 துபாய், 301 ஷார்ஜா, 401 அஜ்மான். 201 என்று தொடங்கினால் துபாய் இமிகிரேஷனான ஜி.டி.ஆர்.எஃப்.ஏ. தளத்திலும், மற்றவை என்றால் அமீரகக் கூட்டாட்சி அரசின் ஐ.சி.பி. தளத்திலும் கோப்பு எண், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி கொடுத்துப் பார்க்கலாம். விசா தாளில் பெயரின் எழுத்து, பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி மூன்றையும் பாஸ்போர்ட்டோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். டிக்கெட்டிலும் அதே எழுத்து வேண்டும். சில விமானக் கம்பெனிகள் ‘ஓகே டு போர்டு’ (விசாவைப் பார்த்து, ஏறலாம் என்று உறுதிசெய்யும்) பதிவும் கேட்கும். டிக்கெட் போட்டவரிடம் அதைக் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

30 நாள் விசா என்றால் எந்த நாளிலிருந்து எண்ண வேண்டும்?

இறங்கிய நாளே முதல் நாள். மார்ச் 1 இறங்கினால் 30-ஆம் நாள் மார்ச் 30. ‘ஒரு மாதம்தானே’ என்று 31-ஆம் தேதிக்கு டிக்கெட் போட்டால் ஒரு நாள் தாண்டிவிடும். தாண்டிய ஒவ்வொரு நாளுக்கும் 50 திர்ஹம் அபராதம், ஆள் ஒன்றுக்கு. முன்பு 10 நாள் சலுகை இருந்தது. அதை நம்பிப் பழைய ஆட்கள் இன்றும் அறிவுரை சொல்வார்கள், கேட்காதீர்கள். 27 அல்லது 28-ஆம் நாளுக்குத் திரும்பும் டிக்கெட் போடுவது நல்லது. விமானம் ரத்தானாலும் கையில் இரண்டு நாள் இருக்கும். விசா தாளில் எந்தத் தேதிக்குள் நாட்டுக்குள் நுழைய வேண்டும் என்பதும் தனியாக இருக்கும். அது வேறு கணக்கு, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எந்த மாதத்தில் போவது நல்லது?

நவம்பர் முதல் மார்ச் வரை. ஜூன் முதல் செப்டம்பர் வரை 45 டிகிரியைத் தொடும் வெயில். அம்மாவும் அப்பாவும் ஒரு மாதம் முழுவதும் ஏ.சி. அறைக்குள்ளேயே இருந்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும்.

சுகர், பிரஷர், நரம்பு வலிக்கு மாத்திரை சாப்பிடுகிறோம். கொண்டுபோகலாமா?

சுகர், பிரஷர், கொலஸ்ட்ரால், தைராய்டு மாத்திரைகளுக்குச் சிக்கல் இல்லை. ஸ்ட்ரிப்பிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டாமல், அட்டைப்பெட்டியோடு, டாக்டர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். சீட்டில் பாஸ்போர்ட்டில் உள்ள அதே பெயரும், மருந்தின் மூலப்பெயரும், ஒரு நாளைக்கு எத்தனை என்பதும் இருக்க வேண்டும். ‘1-0-1’ என்று மட்டும் கிறுக்கிய சீட்டு உதவாது. இரண்டு வரி டைப் செய்து கையெழுத்தும் முத்திரையும் போட்டுத் தரும்படி டாக்டரிடம் கேளுங்கள்.

கவனிக்க வேண்டியவை வேறு. சர்க்கரை நோயில் கால் எரிச்சலுக்கு இங்கே சர்வ சாதாரணமாக எழுதும் பிரிகாபலின், முழங்கால் வலிக்கு எழுதும் டிராமடால், இருமல் மருந்தில் வரும் கோடீன், தூக்கத்துக்கான அல்பிரசோலம், குளோனசெபாம், டயசெபாம்: இவை எல்லாம் அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். பிரிகாபலின் பெரும்பாலும் மெத்தில்கோபாலமின் என்ற வைட்டமினோடு சேர்ந்தே வரும். வீட்டில் அதைச் ‘சத்து மாத்திரை’ என்றே நினைத்திருப்பார்கள். அதனால் ஒவ்வொரு ஸ்ட்ரிப்பின் பின்புறத்தையும் படித்துப் பாருங்கள். இவற்றில் ஏதாவது இருந்தால், மாற்று மருந்து தர முடியுமா என்று டாக்டரிடம் கேட்பது முதல் வழி. முடியாதென்றால் அமீரக அரசின் தளத்தில் மகன் மூலமாக முன் அனுமதி வாங்கிவிட்டுத்தான் கொண்டுபோக வேண்டும். அனுமதி இல்லாமல் கொண்டுபோனால் போதைப்பொருள் வழக்கு வரைக்கும் போகும்.

வர்மத் தைலம், கஷாயம், லேகியம் போன்றவற்றை லேபிள் இல்லாத பாட்டிலில் கொண்டுபோக வேண்டாம். உள்ளே என்ன என்று உங்களால் காகிதத்தில் காட்ட முடியாத எதையும் பெட்டியில் வைக்காமல் இருப்பதே பாதுகாப்பு.

மகனுக்குச் சாப்பாட்டுச் சாமான் கொண்டுபோக வேண்டும். எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது?

ஏத்தங்காய் சிப்ஸ், முறுக்கு, முந்திரிக்கொத்து, மசாலாப் பொடிகள், மார்த்தாண்டம் தேன், ஊறுகாய்: செக்-இன் பெட்டியில் வைக்கலாம். தேனும் ஊறுகாயும் கைப்பையில் கூடாது. 100 மில்லிக்கு மேற்பட்ட திரவம் என்று பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். பாட்டிலின் மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, இரண்டு பாலித்தீன் உறையில் போட்டு, துணிகளுக்கு நடுவில் வையுங்கள். கருவாட்டை வாடை வெளியே வராத அளவுக்கு வாக்குவம் பேக் செய்தால்தான் எடுப்பார்கள்.

கூடாதவை:

கசகசா. குருமாவுக்கு அரைக்கிற அதே கசகசாதான். ஓபியம் செடியின் விதை என்பதால் அமீரகத்தில் தடை. மசாலா டப்பாவின் அடியில் ஒரு ஸ்பூன் கிடந்தாலும் பிரச்சினைதான், அதனால் பழைய டப்பாவை அப்படியே தூக்கிப் பெட்டிக்குள் வைக்காதீர்கள்.

வெற்றிலையும் பான்பராக்கு வகையும். துபாய் கஸ்டம்ஸ் தடைப் பட்டியலில் வெற்றிலை பெயர் சொல்லியே இருக்கிறது. வெற்றிலை போடும் பாட்டிக்கு ஒரு மாதம் கஷ்டம்தான், ஆனாலும் முந்தானை முடிச்சில் இரண்டு வெற்றிலைகூட வேண்டாம் என்று வீட்டிலேயே சொல்லி அனுப்புங்கள்.

கொப்பரைத் தேங்காய். எண்ணெய்ச் சத்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது என்பதால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். தேங்காய் எண்ணெய் மகனுக்கு அங்கேயே எந்தக் கடையிலும் கிடைக்கும்.

பவர் பேங்க் செக்-இன் பெட்டியில் கூடாது, கைப்பையில்தான். விமானத்துக்குள் அதைப் பயன்படுத்தவும் சில கம்பெனிகள் தடை விதித்திருக்கின்றன.

பக்கத்து வீட்டுக்காரர் தன் மகனுக்கு ஒரு பொட்டலம் தருகிறார். எப்படி மறுப்பது?

மறுக்க வேண்டாம், பிரித்துப் பார்த்து நீங்களே கட்டுங்கள். ‘மாத்திரைதான், பிரிக்காதீங்க’ என்றால் வாங்காதீர்கள். விமான நிலையத்தில் முன்பின் தெரியாதவர் தரும் எதையும் தொடவே வேண்டாம். பெட்டி உங்கள் பெயரில் இருந்தால் உள்ளே இருப்பதற்கும் நீங்கள்தான் பொறுப்பு, ‘எனக்குத் தெரியாது’ என்ற பதில் அங்கே எடுபடாது.

நகை போட்டுக்கொண்டு போகலாமா?

தாலியும் அன்றாடம் போடும் வளையலும் போதும். அதற்கு மேல் போட்டுப் போவதென்றால், கிளம்பும்போதே இங்குள்ள கஸ்டம்ஸில் நகையைக் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிவையுங்கள். அது இல்லையென்றால் திரும்பி வரும்போது ‘அங்கே வாங்கியதா?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்வது கஷ்டம். இதற்காக விமான நிலையத்துக்கு ஒரு மணி நேரம் முன்கூட்டியே போக வேண்டியிருக்கும்.

மகன் புதிதாக வாங்கித் தரும் சங்கிலி வேறு விஷயம். தங்க நகைக்கான தனி வரிவிலக்கு, ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவர்களுக்கு மட்டும்தான். ஒரு மாதம் தங்கிவிட்டு வரும் பெற்றோருக்கு அது கிடையாது. வரி கட்டத் தயாராக பில்லோடு கஸ்டம்ஸின் சிவப்பு வழியில் (வரிக்குரிய பொருள் வைத்திருப்பவர்களுக்கான வழி) போய்ச் சொல்லுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து விமான நிலையத்துக்கு எப்போது கிளம்ப வேண்டும்?

தூரம் ஏறக்குறைய 70 கிலோமீட்டர்தான். ஆனால் தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை நெருக்கடியைத் தாண்ட வேண்டும். பழைய சாலையில் போனால் நெய்யாற்றின்கரையும் பாலராமபுரமும் சேர்ந்துகொள்ளும். காரோடு என்ற ஊரில் தொடங்கும் பைபாஸைப் பிடித்தால் அந்த இரண்டையும் தவிர்த்துவிடலாம், டோல் உண்டு. வழிப்பயணத்துக்கு 3 மணி நேரம், விமானத்துக்கு முன் 3 மணி நேரம் என்று கணக்கிடுங்கள். புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன் கவுண்டரை மூடிவிடுவார்கள், அதன்பிறகு கெஞ்சியும் பயனில்லை.

டிரைவரிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள். சர்வதேச விமானங்கள் சாக்கைப் பக்கம் உள்ள இரண்டாம் டெர்மினல். சங்குமுகம் கடற்கரைப் பக்கம் இருப்பது உள்நாட்டு டெர்மினல். தமிழ்நாட்டு டாக்சி என்றால் கேரள பெர்மிட் முன்பே எடுத்திருக்க வேண்டும். கேரளத்தில் ஹர்த்தால் அறிவித்திருந்தால் அது வழக்கமாகக் காலை 6 முதல் மாலை 6 வரை இருக்கும்; 6 மணிக்கு முன்பே விமான நிலையத்துக்குள் போய்விடுங்கள்.

இந்த விமான நிலையத்துக்கே உரிய ஒன்று: ஸ்ரீபத்மநாபசுவாமி கோயிலின் பங்குனி, ஐப்பசி ஆராட்டு நாட்களில் சுவாமி ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்து சங்குமுகத்துக்குப் போகும். அன்று மாலை சில மணி நேரம் விமானங்கள் ஓடாது, நேரம் மாற்றிவிடுவார்கள். அந்த மாதங்களில் டிக்கெட் போட்டால் ஆராட்டுத் தேதியைக் கோயில் நாட்காட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மாவால் அதிக தூரம் நடக்க முடியாது. ஆங்கிலமும் தெரியாது.

டிக்கெட் போடும்போதே, இல்லையென்றால் இரண்டு நாள் முன்பாவது, வீல்சேர் கேட்டுப் பதிவுசெய்யுங்கள். பொதுவாகக் கட்டணம் இல்லை. தள்ளிக்கொண்டு போகிறவரே செக்-இன், இமிகிரேஷன், வாசல் என்று எல்லா இடத்துக்கும் கூட்டிப்போவார். அங்கே இறங்கிய பிறகும் வெளியே மகன் நிற்கும் இடம் வரை கொண்டுவிடுவார்கள். தனியாகப் போகும் அம்மாக்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. நன்றாக நடக்கிறவர்களும் கேட்கத் தயங்க வேண்டாம்.

இந்தியர்கள் புறப்படும்போது நிரப்ப வேண்டிய அட்டையை 2017 ஜூலையிலேயே எடுத்துவிட்டார்கள். இங்குள்ள இமிகிரேஷனில் எங்கே போகிறீர்கள், யாரைப் பார்க்க, எப்போது திரும்புவீர்கள் என்று பெரும்பாலும் தமிழிலோ மலையாளத்திலோ கேட்பார்கள். மகனின் எமிரேட்ஸ் ஐ.டி. நகல், வீட்டு முகவரி, போன் எண், திரும்பும் டிக்கெட் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில் இருக்கட்டும். அமீரகத்தில் இறங்கியதும் கேமராவைப் பார்க்கச் சொல்லிக் கண்ணைப் படம் எடுப்பார்கள், அவ்வளவுதான்.

அங்கிருந்து ஊருக்கு வாட்ஸாப்பில் பேசலாமா?

மெசேஜும் வாய்ஸ் நோட்டும் போகும். வாட்ஸாப் அழைப்பு அங்கே வேலை செய்யாது. வீடியோவில் பேச போட்டிம் போன்ற செயலிகளைப் பயன்படுத்துகிறார்கள். ஊரில் இருக்கும் தங்கையின் போனிலும் அதை முன்பே ஏற்றிவையுங்கள். இந்திய சிம்மைக் கழற்றிவிடாதீர்கள். பென்ஷன் கணக்குக்கும் வங்கிக்கும் ஓ.டி.பி. அதில்தான் வரும், ரோமிங்கை இங்கிருந்தே ஆன் செய்துவிட்டுப் போங்கள்.

அங்கே தெரியாமல் செய்து அபராதம் கட்டுகிற விஷயங்கள் எவை?

சாலையை நினைத்த இடத்தில் கடப்பது: 400 திர்ஹம். சிக்னலிலோ சுரங்கப்பாதையிலோதான் கடக்க வேண்டும். மெட்ரோவுக்குள் சாப்பிடுவதும் தண்ணீர் குடிப்பதும் அபராதம். பெண்களுக்கான பெட்டியில் ஆண்கள் ஏறினாலும் அப்படியே. அம்மாவோடு போகும் அப்பா தெரியாமல் அங்கே ஏறிவிடுவார், பிளாட்பாரத்தில் உள்ள இளஞ்சிவப்பு அடையாளத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறரை, முக்கியமாகப் பெண்களை, கேட்காமல் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போடுவது அங்கே குற்றம்.

ஞாயிறு பூசைக்கும் கோயிலுக்கும் வழி உண்டா?

உண்டு. துபாய் ஊத் மேத்தாவில் உள்ள தூய மரியன்னை ஆலயத்தில் தமிழ்ப் பூசை நடக்கிறது; நாள், நேரத்தை ஆலயத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஜெபல் அலியில் இந்துக் கோயில் 2022-லும், அபுதாபியில் பாப்ஸ் மந்திர் 2024 பிப்ரவரியிலும் திறந்தார்கள். அபுதாபி ஷேக் சாயித் பள்ளிவாசலுக்கு யாரும் போகலாம். கட்டணம் இல்லை, இணையத்தில் நேரம் பதிய வேண்டும், பெண்கள் தலையை மூடியிருக்க வேண்டும். சேலை கட்டினால் கை தெரியாத முழுக்கை ரவிக்கை வேண்டும்.

உடம்புக்கு ஏதாவது ஆனால்?

ஆம்புலன்ஸ் 998, போலீஸ் 999. பயணக் காப்பீடு இல்லாமல் 60 வயதுக்கு மேற்பட்டவர்களை அனுப்ப வேண்டாம். அங்கே ஆஸ்பத்திரிச் செலவு மகனின் பல மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். விசாவோடு சேர்ந்து வரும் காப்பீடு பெரும்பாலும் சிறியது. ஏற்கெனவே உள்ள சுகருக்கும் இதய நோய்க்கும் அது செல்லுமா என்று பாலிசியில் அந்த ஒரு வரியைத் தேடிப் படியுங்கள். செல்லாதென்றால், செல்லக்கூடிய வேறொன்றை இங்கிருந்தே எடுங்கள். நோயை மறைத்து எடுத்தால் பணம் வராது. பாஸ்போர்ட் தொலைந்தாலோ வேறு இக்கட்டு வந்தாலோ இந்தியத் தூதரகத்தின் உதவி எண் 800 46342, அமீரகத்துக்குள் இலவசம்.

பெற்றோரோடு தம்பியும் விசிட் விசாவில் வந்து வேலை தேடட்டுமா?

விசிட் விசாவில் சம்பளத்துக்கு வேலை செய்வது அங்கே சட்டவிரோதம். பிடிபட்டால் அபராதம், நாடு கடத்தல், மறுபடி நுழையத் தடை. ‘முதலில் விசிட்டில் வா, பிறகு மாற்றிக்கொள்ளலாம்’ என்று பணம் கேட்கும் ஏஜென்டிடம் மத்திய அரசின் ஆள்சேர்ப்பு உரிம எண்ணைக் கேளுங்கள். இ-மைகிரேட் தளத்தில் அதைச் சரிபார்க்கலாம். உரிமம் உள்ள ஏஜென்ட் வாங்கக்கூடிய அதிகபட்சச் சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். இரண்டு லட்சம், மூன்று லட்சம் என்று கேட்டால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். பணம் கொடுத்தாகிவிட்டதென்றால் ரசீது, வங்கிப் பரிமாற்றம், வாட்ஸாப் உரையாடல் எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு, நாகர்கோவிலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் புகார் கொடுங்கள்.